பானட்டில் ஒரு கோடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. பழைய கார்களின் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றிப் புதுசு மாதிரி ஆக்குவது என் தொழில். வண்டியோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. வண்டிக்காரர்களோடுதான். டிரைவர் சார் அந்தக் கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து என் ஷெட் முன்னால் நிறுத்தியபோதும் சண்டையில்தான் ஆரம்பித்தது.

நல்ல நீளமான வண்டி. முதலாளிகள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார்களே, அந்த ரகம். வயது பதினெட்டு. கதவைச் சாத்தினால் அடிக்கிற சத்தமே வராது, 'ம்' என்று ஒரு முனகல் மட்டும். ஆனால் பெயிண்ட்? கறுப்பு என்று யாராவது சொன்னால்தான் கறுப்பு. வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை பின்னியது போலக் கோடுகள்.

"இதை யாரு துடைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா. தினமும் காலைல துடைப்பேன். ஒரு நாள் விட்டதில்ல."

"எதால?"

"மஞ்சத் துணி. நல்ல துணிம்மா."

"தண்ணி?"

"தண்ணி எதுக்கும்மா, வெறும் தூசிதானே?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். "சார், தூசின்னா மண்ணு. மண்ணு மேல காஞ்ச துணியைப் போட்டுப் பதினெட்டு வருஷம் தேய்ச்சிருக்கீங்க. இதுக்கு நீங்க உப்புத்தாளே வாங்கித் தேய்ச்சிருக்கலாம். துடைச்சுத் துடைச்சே ஒரு வண்டியைக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாசத்துலதான்மா தேய்ச்சேன்" என்றார்.

நான் வாளியை எடுத்தேன்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயது, வெள்ளைச் சட்டை, முழுக்கை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். ஒரே முதலாளியிடம் ஒரே வண்டியை ஓட்டியவர். முதலாளி புது வண்டி வாங்கியதும் இதை இவருக்கே கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷமாக முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பழகியதால் மனிதருக்குப் பேச்சே வராது. "சனிக்கிழமை நாலு மணிக்குள்ள வேணும்மா. முதல் நாள் இருந்த மாதிரி இருக்கணும்" என்பதைச் சொல்லி முடிக்கவே மூன்று தடவை தொண்டையைச் செருமினார். பெயிண்டோடு பின் சீட்டின் தோலும் கிழிந்திருந்தது. "அதை மாடில குடுங்க, அக்கா தைச்சிடுவாங்க" என்றேன். ஐயோ, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கீழே ஷெட், மாடியில் வீடு. வீட்டின் முன் அறையில் என் அக்கா கார் சீட்டுக்கு உறை தைக்கிறாள். அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு. எனக்குக் கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தேன். அக்காவுக்கு ஆகவே இல்லை. காரணம் அவளுடைய கண். தையல் கால் நூல் விலகினால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவாள். சுவரில் படம் கோணலாகத் தொங்குகிற வீட்டில் அவளுக்குக் காப்பி இறங்காது.

முதல் நாள் டீ குடிக்கும்போது டிரைவர் சாரிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். "அக்காவுக்கு முப்பது வயசு இருக்கும்போது ஒருத்தர் கட்டிக்கறேன்னு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசினார், சார். நல்ல வேலை, நல்ல மனுஷன். அவர் போனதும் எப்படிக்கா இருக்கார்னு கேட்டேன். இடது காலரைக் கால் இஞ்ச் தூக்கலா தைச்சிருக்காங்கன்னா. அது சரி, ஆள் எப்படின்னேன். ஆளா, ஆளைக் கவனிக்கலையேன்னுட்டா!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை மட்டும் மெதுவாகப் போய்த் தன் காலரைத் தொட்டுப் பார்த்தது. மண்டுவான எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டாமா?

வேலை நாலு நாள். முதலில் நுரை போட்டுக் கழுவி, களிமண் கட்டி மாதிரி ஒன்று உண்டு, அதால் தடவித் தடவி, பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்த பிசுக்கையெல்லாம் எடுத்தேன். லைட், ரப்பர், குரோம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். பிறகு மைக்ரான் மீட்டர். பெயிண்ட் மேல் வைத்தால் அதன் கனத்தைச் சொல்லும் சின்னக் கருவி. இதை வைத்துப் பார்க்காமல் பாலிஷ் மிஷினைத் தொடுகிறவனை நான் தொழில்காரன் என்றே சொல்ல மாட்டேன். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். கீறலை எடுக்கிறோம் என்றால் அந்தப் பூச்சைத்தான் இம்மியளவு சீவுகிறோம். அது மொத்தமும் போய்விட்டால் வண்டிக்குத் தோல் உரிந்த மாதிரிதான். பானட்டில் நூற்றிப் பதினெட்டு காட்டியது. பரவாயில்லை, சதை இருக்கிறது.

டிரைவர் சார் தினமும் வந்தார். வந்ததும் பானட்டை ஒரு பார்வை, உடனே, "சீட் எந்த அளவுல இருக்குன்னு கேட்டுட்டு வந்துடறேன்மா" என்று மாடிக்கு ஒரு நடை. ஒரு சீட்டின் அளவை எத்தனை தடவை கேட்பது? நான் மிஷினில் பஞ்சு பேட் மாட்டுகிற மும்முரத்தில் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். நான் பின் கதவில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் டிரைவர் சார் எதிரே நின்று ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். மிஷினை நிறுத்தினேன். பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

போட்டேன். பேச ஆரம்பித்தார். நிறுத்தினேன். நிறுத்தினார். அந்த இரைச்சலில் மட்டும்தான் மனிதருக்குத் தைரியம் வருகிறது! நானும் விடுவேனா? மிஷினைப் போட்டு, அவரைப் பார்க்காதது போலக் கதவையே முறைத்துக்கொண்டு, அவர் குரல் ஏறுகிற சமயம் பார்த்துப் பட்டென்று நிறுத்தினேன்.

"—உங்க அக்காவைத்தான் சொல்றேன்!" என்று ஷெட்டே அதிர்ந்தது.

"என்னது?" என்று பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு குரல். அது பெயிண்டர். எல்லோரும் அவனை ஸ்ப்ரே என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு என்ன கலர் வண்டி அடிக்கிறான் என்பதை அவன் தாடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்த நொடி பச்சைத் தாடியோடு வாசலில் வந்து நின்றான். மாடியில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. ஊசி மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன்.

டிரைவர் சார் காது வரை சிவந்து நின்றார். விஷயம் இதுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு, "சீட் எப்படி இருக்குன்னு ஒரு சுத்து வந்து பாருங்க" என்று அக்காவை ஏற்றிக்கொண்டு போய், வழியில் எங்காவது நிறுத்தி, கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கப் போகிறார். சுற்று வரக் கூப்பிட்டும் ஆகிவிட்டதாம். "வேலை இருக்கு, பார்க்கலாம்" என்றாளாம் அக்கா.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பஞ்சை அவர் மேல் வீசிவிட்டேன். ஏன் கோபம் என்று கேட்டால் இன்றைக்கும் நேராகச் சொல்லத் தெரியாது. இருபது வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அந்த எதிர் நாற்காலி காலியாக இருப்பது போல ஒரு நொடி கண்ணில் தெரிந்தது. பஞ்சு அவர் வெள்ளைச் சட்டையில் பட்டு, பாலிஷ் அப்பிக்கொண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, மரியாதையாக என்னிடமே நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஸ்ப்ரேயும் சிரிக்க, அவரும் சிரிக்க, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாம் சிரிப்பினால் வந்த தண்ணீர் இல்லை.

"ஒரே பயம்தாம்மா" என்றார் அவர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க அந்தக் காலர் கதையைச் சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. வண்டியில ஒரே ஒரு கோடு இருந்தாக்கூட அவங்க அதைத்தான் பார்ப்பாங்க. என்னைப் பார்க்க மாட்டாங்க."

"ஒரு கோடு இருந்துச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன், சார்! போதுமா?"

"பெரிய வார்த்தையா விடாதீங்கக்கா" என்றான் ஸ்ப்ரே.

"நீ உன் தாடியைப் பாரு!"

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வேகத்தை யாராவது பார்த்திருக்க வேண்டும். கதவுகள், கூரை, டிக்கி என்று ஒவ்வொரு சாண் இடமாக எடுத்து, முதலில் கெட்டி பாலிஷ் மருந்து, பிறகு மெல்லிய மருந்து, கடைசியில் மெழுகு. நடுநடுவே டிரைவர் சாருக்கு ஒத்திகை. நான்தான் அக்கா. கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர் தொண்டையைச் செருமி, "நான் வேகமா ஓட்ட மாட்டேங்க. நேராத்தான் ஓட்டுவேன். கூட வர்றீங்களா?" என்பார். ஏழாவது தடவை சொல்லும்போது ஸ்ப்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானே சரின்னு சொல்லிடுவேன் போலிருக்கே, சார்" என்றான்.

சனிக்கிழமை விடிந்தது. மாடியில் அக்கா பக்கெட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை அவள் துணி துவைக்கிற நாளே இல்லை. அதோடு துணி காயப்போடுவது அவளுக்கும் ஸ்ப்ரேக்கும் பெரிய தகராறு. எங்கள் துணிக்கொடி வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. இவன் அடிக்கிற பெயிண்ட் தூள் புகையாகப் பின்பக்கம்தான் ஏறும். போன மாதம் அக்காவின் வெள்ளை ரவிக்கையில் சிவப்புப் புள்ளி போட்டுக் கொடுத்தான். இன்றைக்கு என்ன புள்ளி வைக்கப்போகிறானோ என்று நினைத்துக்கொண்டே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். மெழுகு போடும்போது தூசி ஆகாது. வெளியில் என்ன நடந்தது என்று மத்தியானம் வரை எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, சக்கரத்திலிருந்து கூரை வரை பார்த்தேன். ஒரு கீறல்? ஒரு சுழி? கிடையாது! பானட்டில் என் முகம் தெரிந்தது, மூக்கில் ஒட்டியிருந்த டேப் துண்டு வரை. நான் செய்த வேலையிலேயே இதுதான் நல்ல வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஷட்டரைத் தூக்கி, டிரைவர் சாரும் ஸ்ப்ரேயும் நானுமாக வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினோம்.

வெயில் பட்டதும் வண்டி பளீர் என்றது. வானம், இரண்டு மேகம், எதிர் வீட்டு ஜன்னல் எல்லாம் பானட்டுக்குள் இருந்தன. டிரைவர் சார் தொட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயோ!" என்றேன் நான்.

பானட்டின் இடது மூலையிலிருந்து கண்ணாடி வரை, குறுக்கே, மெலிசாக, கொஞ்சம் வளைந்து, ஒரு கோடு.

வானமும் மேகமும் ஜன்னலும் பிம்பம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பதினைந்து வருஷமாக இந்த வாசலில் வண்டி நிறுத்துகிறேன், கறுப்பு பானட்டில் என்னென்ன தெரியும் என்று எனக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் கோடு கிடையாது.

"வெளிய தள்ளும்போது யாரு கை வச்சது?" என்று கத்தினேன். "ஸ்ப்ரே, உன் பெல்ட் பக்கிளைக் காட்டு!"

"நான் பின்னாடி தள்ளினேன்க்கா!"

"சார், உங்க வாட்ச்?"

"கழட்டிப் பைல வச்சிருக்கேன்மா" என்றார் அவர். "அது இங்க இல்லம்மா, இங்க இருக்கு." வலது பக்கம் நின்றிருந்தவர் வேறொரு இடத்தைக் காட்டினார்.

"எனக்கு இங்க தெரியுதே!"

"எனக்கு நடுவுல தெரியுது" என்றான் ஸ்ப்ரே.

"மூணு கோடு!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று பேருக்கும் அனுபவத்தைக் கூட்டினால் ஐம்பது வருஷம் வரும், ஒருவருக்கும் உறைக்கவில்லை. குனிந்து நகத்தால் தடவினேன். நகம் எதிலும் மாட்டவில்லை. கிட்டப் போனால் என் தலை நிழலில் கோடு மறைந்தது. விலகினால் வந்து நின்றது.

"ஆழமான கோடு இப்படித்தான் ஒளியும்" என்றேன். "இது கிளியர் கோட்டுக்கு உள்ள இருக்கு."

"உள்ள எப்படிக்கா கோடு விழும்?"

"எனக்கே சொல்லித்தர்றியா நீ? மிஷினை எடு!"

கெட்டி மருந்தை வைத்து மூன்று இடத்திலும் தேய்த்தேன். மருந்து பூசியிருக்கும்வரை கோடு இல்லை. துணியால் துடைத்ததும் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. இருக்காதா பின்னே, இன்னும் நன்றாக மெருகேற்றினால்! மீட்டரை வைத்தேன். வேலை முடிந்தபோது நூற்றிப் பன்னிரண்டு இருந்தது, இப்போது நூற்றியேழு. மறுபடி தேய்த்தேன். நூற்றிமூன்று. மணி மூன்று. கோடு அப்படியே, முழித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

"விட்டுடலாம்மா" என்றார் டிரைவர் சார். "பரவாயில்ல. அவங்க வர்றப்ப நான் அந்த இடத்துல நின்னுக்கறேன்."

"எத்தனை இடத்துல நிப்பீங்க? மூணு கோடு இருக்கு!"

"நான் ஒண்ணு மேல நிக்கறேன்" என்றான் ஸ்ப்ரே.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை தேய்த்தேன். தொண்ணூற்றொன்பது. ஸ்ப்ரே என் கையிலிருந்து மிஷினைப் பிடித்து இழுத்தான். "அக்கா, போதும். இதுக்கு மேல தேய்ச்சா உள் நிறம் வெளிய வந்துடும். அப்புறம் பானட்டையே கழட்டி நான் புதுசா அடிக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"கம்பளி பேடைக் குடு."

"அக்கா!"

கம்பளி பேட் என்பது எங்களிடம் இருப்பதிலேயே முரடு. தொண்ணூற்றொன்பதில் அதைப் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த மனிதர் தூங்காமல் கிடந்திருக்கிறார். அக்காவின் கண் இந்தக் கோட்டில்தான் விழும், பிறகு மூடிய கதவு மூடியதுதான். டிரைவர் சார் என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை, மெதுவா" என்றார். அவருக்கும் அதே பைத்தியம். பதினெட்டு வருஷம் துடைத்தே கெடுத்தவரும், ஒரு மணி நேரத்தில் தேய்த்தே கெடுக்கப் போகிறவளும் ஜோடியாக நின்றோம். நான் பேடை மாட்டினேன், மருந்தைப் பிழிந்தேன், சுவிட்சில் விரலை வைத்தேன்.

"மூணு பேரும் குனிஞ்சு என்ன தேடறீங்க?"

படியில் அக்கா.

"வராதே, அங்கேயே நில்லு!" என்றேன். யார் கேட்டது? இறங்கி வந்துவிட்டாள். டிரைவர் சாரும் ஸ்ப்ரேயும் ஆளுக்கொரு இடத்தில் பானட்டை மறைத்து நின்றார்கள். நான் மூன்றாவது கோட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன். சந்தையில் எதையோ திருடி மாட்டிக்கொண்ட கூட்டம் மாதிரி இருந்திருப்போம்.

"கையை எடுடி."

எடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கோடுக்கா. மூணு கோடு. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. தப்பு என்னோடது, இவரை ஒண்ணும் நினைக்காதே."

அக்கா பானட்டைப் பார்த்தாள். பிறகு, சுவரில் படம் நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பது போல, மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

எங்கள் மாடி ஜன்னல் கம்பியிலிருந்து எதிரே இருக்கிற விளக்குக் கம்பம் வரை, வாசலுக்குக் குறுக்கே, ஒரு கயிறு. கொஞ்சம் தொய்ந்து, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் கையை உயர்த்தி ஆட்டிப் பார்த்தேன். பானட்டில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை ஆடியது. ஸ்ப்ரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா" என்றான், "நூத்திப் பன்னண்டுலேர்ந்து தொண்ணூத்தொன்பதுக்கு ஒரு கயித்தையா தேய்ச்சோம்?" தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"யாரு கட்டினது அதை?" என்று கத்தினேன். வெட்கத்தில் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். "பதினஞ்சு வருஷமா இல்லாத கயிறு இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் கட்டினேன். காலைல."

"எதுக்கு? பின்னாடிதான் கொடி இருக்கே!"

"பின்னாடி போட்டா இவன் புள்ளி வைப்பான்." ஸ்ப்ரேயைக் காட்டினாள். "இன்னிக்கு இதுல புள்ளி விழக் கூடாதுன்னு வெயில் படற பக்கம் போட்டேன். பதினொண்ணுக்கே காஞ்சிடுச்சு, எடுத்து இஸ்திரி போட்டேன். கயித்தை அவுக்க மறந்துட்டேன்."

அப்போதுதான் நான் என் அக்காவைப் பார்த்தேன். கரும்பச்சைப் புடவை. பெட்டியின் அடியிலேயே கிடக்கும், யார் கல்யாணத்துக்கும் எடுத்ததில்லை. மடிப்பு ஒவ்வொன்றும் கோடு கிழித்தது போல நின்றது. கழுத்தில் அளவு நாடா இல்லை. என் நினைவு தெரிந்து பகல் நேரத்தில் அளவு நாடா இல்லாத அக்காவை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாடியில் ஒரு கணம் நின்ற தையல் மிஷின் ஞாபகம் வந்தது. அடிப்பாவி! ஊசியா மாற்றினாய்?

நாங்கள் உயிரைக் கொடுத்து அழிக்கப் பார்த்த கோடு அவள் சம்மதம். காலையிலிருந்து எங்கள் தலைக்கு மேலேயே கட்டி வைத்திருக்கிறாள், நாங்கள் குனிந்துகொண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

டிரைவர் சாருக்கும் அது மெல்ல மெல்லப் புரிந்தது. கயிற்றைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மறுபடி கயிறு. தொண்டையைச் செருமினார். ஏழு தடவை ஒத்திகை பார்த்தது, நேராக ஓட்டுவேன், வேகமாக ஓட்ட மாட்டேன், ஒன்றும் வரவில்லை. நான் வாயை மட்டும் அசைத்து, "நேரா, நேரா" என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"காலர்..." என்றார். "காலர் சரியா இருக்குங்களா?"

"சரியில்ல" என்றாள் அக்கா. "இடது பக்கம் கொஞ்சம் தூக்கல். முதல் நாளே பார்த்தேன்."

அவர் முகம் விழுந்தது.

"ஆனா இந்தத் தடவை ஆளையும் கவனிச்சேன்" என்றாள்.

நான் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். மருந்துத் துணியில் சிந்தியதால் மூக்கு எரிந்தது. அதனால்தான் கண் கலங்கியது என்று ஸ்ப்ரேயிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அந்த எதிர் நாற்காலியை நினைத்தபோதுகூட.

டிரைவர் சார் ஓடிப்போய்ப் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அதைத் தாண்டிப் போய் முன் கதவைத் தானே திறந்தாள். "பின் சீட் நான் தைச்சது, எனக்கு அது தெரியும். முன்னாடி எப்படி இருக்குன்னு பார்க்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். கதவு 'ம்' என்றது.

"அத்தான்!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பானட்ல மருந்து இருக்கு, துடைக்காதீங்க! நான் துடைக்கறேன்!"

ஈரத் துணியால் ஒற்றி, நல்ல துணியால் ஒரே ஒரு தடவை, மெதுவாகத் துடைத்தேன். தொண்ணூற்றொன்பது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் தாராளமாகத் தாங்கும், யாரும் காய்ந்த துணியைப் போடாவிட்டால். வண்டி நகர்ந்தது. கோடு பானட்டில் வழுக்கி, கண்ணாடியில் ஏறி, கூரை மேல் ஓடி, டிக்கியில் இறங்கி, ஒரு கீறல்கூட விடாமல் விலகியது.

நான் ஏணியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எங்காவது வீசினால்தான் எனக்கு மானம் மிஞ்சும். ஒரு படி ஏறியிருப்பேன். தெருமுனையில் வண்டி நின்றது. ஜன்னல் இறங்கியது. அக்காவின் தலை வெளியே வந்தது.

"அடியே, கயித்துல கை வைக்காதே!" என்று அங்கிருந்தே கத்தினாள். "நாளைக்கும் வேணும்!"